பிஎச் மீட்டர் வாங்கினால் மட்டும் போதாது

இறால் குட்டைக்கு ஒரு பிஎச் மீட்டர் (தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவி) வாங்கினால் போதும் என்பதுபோல் நான் படித்த இறால் வளர்ப்புக் கட்டுரை ஒன்றில் இருக்கிறது. வாங்குவது சுலபம், பராமரிப்புதான் பெரும்பாடு. என் முதல் மீட்டரின் கண்ணாடி முனையை ஒவ்வொரு முறையும் துடைத்துக் காயவைத்து டப்பாவில் பத்திரமாக வைத்தேன். சில வாரத்தில் எந்தத் தண்ணீரில் விட்டாலும் 7-ஐ ஒட்டியே நின்றது! அந்த முனை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறியே இருக்க வேண்டுமாம். காய்ச்சி வடித்த நீரும் ஆகாது. தண்ணீரின் பிஎச் ஒரு எண் மாறினால் 25 டிகிரி செல்சியஸில் அந்த முனை தரும் மின்னழுத்த மாற்றமே சுமார் 59 மில்லிவோல்ட்தான்; அது சற்றுப் பிசகினாலும் அளவு தவறிவிடும். அதனால் பிஎச் 4, 7, 10 என்று முன்பே தெரிந்த கரைசல்களில் மீட்டரை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அப்புறம், காலையில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான். வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் பிற்பகலில் பிஎச் ஏறிவிடும். நான் இரண்டு வேளையும் குறித்து வைக்கிறேன்.