மச்சான் என்றால் மட்டமா?

இளைஞர்கள் பேச்சில் 'மச்சான்', 'மச்சி' என்று வந்தாலே முகம் சுளிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது கெட்ட சகவாசத்தின் அடையாளமாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் அது உறவுமுறைச் சொல். அக்கா கணவர் மச்சான். மனைவியின் சகோதரன் மச்சான். மாமன் மகன், அத்தை மகனும் அப்படியே. பல ஊர்களில் மனைவி கணவனையே மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். இலங்கைத் தமிழில் பெண்பாலுக்கு மச்சாள் என்றும் உண்டு. ஆனால் சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் அண்ணன் தம்பி. பெண் கொடுத்து எடுக்கிற முறை உள்ளவன்தான் மச்சான். அண்ணனிடம் அடங்கிப் பேச வேண்டும், தம்பியை அதட்டலாம். மச்சானிடம் இந்த மேல் கீழ் கிடையாது. கேலி பண்ணும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு. நண்பனைக் கூப்பிட இதைவிடப் பொருத்தமான உறவு வேறு எது? 'மாப்ள' வந்ததும் இதே வழியில்தான். மலையாளத்து 'அளியா', தெலுங்கு நண்பர்களின் 'பாவா' எல்லாம் அப்படித்தான். இந்தியில் மனைவியின் சகோதரனைக் குறிக்கும் 'சாலா' வசைச் சொல்லாகிவிட்டதை நினைத்தால், நம் பக்கம் அது செல்லப் பெயரானதில் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அப்புறம் தொனி. 'மச்சாஆன்' என்று இழுத்தால் ஏதோ உதவி கேட்கப் போகிறான். வெடுக்கென்று 'மச்சான்!' என்றால் எச்சரிக்கை. 'விடு மச்சான்' என்று குரல் தாழ்ந்தால் ஆறுதல். அதுவே சண்டையில் முன்பின் தெரியாதவன் வாயிலிருந்து வந்தால், வீட்டுப் பெண்களை இழுக்கிறான் என்று கைகலப்பே வந்துவிடும்.

இந்தச் சொல் தமிழோடு நின்றுவிடவும் இல்லை. சிங்கள நண்பர்கள் 'மச்சாங்' என்கிறார்கள். பெங்களூரில் கன்னடம் பேசுகிறவர்களிடமும் 'மச்சா' கேட்கிறது. மலேசியாவில் மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடத் தமிழரை 'மச்சா' என்று கூப்பிடுவது உண்டு. பழகியவர்கள் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் முகம் தெரியாத ஒரு தமிழரை, அதுவும் தனக்குக் கீழே வேலை செய்பவரை, அப்படி விளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவரால் திருப்பி 'மச்சா' என்று சொல்ல முடியாதே.

இப்போது தோழிகளும் ஒருவரையொருவர் 'மச்சி' என்கிறார்கள். பெண்பிள்ளைகள் இப்படியா பேசுவது என்று அதற்கும் ஒரு கண்டனம். தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அண்ணியை மச்சி என்றுதான் அழைப்பார்கள், அதுவும் மரியாதையாக. அந்தப் பிள்ளைகள் தாராளமாகக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.