அம்மா வாசித்த வீணைக்கு வேறொருவர் உரிமையாளராம்

72 வயதான என் அம்மா கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றை வீணையில் வாசித்தார். வெளிநாட்டில் இருக்கும் பேத்தி பார்க்கட்டும் என்று அதைக் கைப்பேசியில் பிடித்து ஒரு காணொளித் தளத்தில் வலையேற்றினேன். ஒரு தந்தி சற்றே சுருதி இறங்கி ஒலிக்கும். சரணம் தொடங்கும்போது அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும். ஏற்றிய சிறிது நேரத்திலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது. 2:14 முதல் 3:40 வரை ஒலிக்கும் இசை ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்துக்குச் சொந்தமாம். விளம்பரப் பணம் இனி அவர்களுக்குப் போய்ச் சேருமாம்.

பணம் யாருக்கு வேண்டும்? பார்த்தவர்களே பதினோரு பேர்தான். அம்மா விரல் தேய வாசித்ததை முகம் தெரியாத ஒருவர் தன்னுடையது என்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தியாகராஜர் மறைந்தது 1847இல். நம் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டுகள் வரைதான் உரிமை தருகிறது. ஒலிப்பதிவு செய்தவருக்கு உள்ள உரிமையோ அந்த ஒரு பதிவுக்கு மட்டுமே. அதே கீர்த்தனையை வேறு யாரும் தம் கையால் வாசித்துப் பதிவு செய்வதை அது தடுக்காது. இந்த வேறுபாடு அந்தத் தளத்தின் மென்பொருளுக்குத் தெரியாது. அது ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, கைரேகை போல ஓர் அச்செடுத்து, தன்னிடம் உள்ள அச்சுகளோடு ஒப்பிடுகிறது. ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே வரியை விதவிதமாக மாற்றி வாசிக்கும் சங்கதிகளும் குரு சீடர் வழியாகக் கைமாறி வந்த அதே சங்கதிகள் என்றிருக்கும்போது ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? சங்கதி பிசகாமல் சொல்லிக்கொடுத்த அம்மாவின் வீணை வாத்தியாரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இதைவிட எரிச்சல் மூட்டியவர், "கம்ப்யூட்டர் சும்மா சொல்லுமா, ஏதாவது இருந்திருக்கும்" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே தீர்ப்பு வழங்கிய உறவினர். இரண்டு ஒலிகள் ஒத்திருக்கின்றன என்பதைத்தான் கணினி சொல்லும். அது திருட்டா இல்லையா என்பது சட்டத்தின் கேள்வி என்று அவருக்கு விளக்குவதற்குள் காப்பியே ஆறிப்போய்விட்டது.

மறுப்பு அனுப்பினேன். அதைப் பரிசீலிப்பவர் யாரென்று பார்த்தால், உரிமை கோரிய அதே நிறுவனம்தான், அதுவும் 30 நாள் அவகாசத்தோடு. சட்டத்தின் 52ஆவது பிரிவில், புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால், முடக்கிய படைப்பைத் தளம் மீண்டும் திறந்துவிடலாம் என்று ஓர் இடம் உண்டு. அதாவது அங்கே அலைய வேண்டியவர் புகார்தாரர். தளம் தானாக வகுத்துக்கொண்ட விதியிலோ, என் அம்மாவின் விரல்கள் என் அம்மாவுடையவைதான் என்று நான் மன்றாட வேண்டியிருக்கிறது.

மூன்று வாரமாகப் 'பரிசீலனையில்' என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குக்கர் விசிலும் அவர்கள் கோரிய பகுதிக்குள்தான் வருகிறது. அவர்களுடைய பதிவில் அது எந்தச் சுருதியில் ஒலிக்கிறது என்று கேட்கக் காத்திருக்கிறேன்.