ஐந்து நிமிடப் பேச்சு வீணா?

"டொக்டர் ஐந்து நிமிடம் பேசினால் குடி குறையாது, ஆய்வில் பேச்சுக் கேட்காதவர்களும் அதே அளவு குறைத்தார்கள்" என்று மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் சரி.

2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்றவர்களும் குறைத்தார்கள். ஆனால் அவர்களிடமும் கேள்வி கேட்கப்பட்டது. "கிழமைக்கு எத்தனை நாள், ஒரு தடவைக்கு எவ்வளவு?" என்று கேட்டுப்பாருங்கள், களுவாஞ்சிகுடியில் கிளினிக் வாங்கில் இருக்கிறவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிடுவார். அந்தக் கணக்கே ஒரு ஆலோசனைதான். ஒப்பீட்டில் வித்தியாசம் சுருங்காமல் என்ன செய்யும்? அப்புறம், அதிகம் குடித்த நாட்களில் ஆய்வில் சேர்ந்தவர் தானாகவே வழமைக்குத் திரும்புவதும் உண்டு.

69 ஆய்வுகளைத் திரட்டிய 2018 கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மீளாய்வில், ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டின் பின் ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் கிழமைக்குச் சுமார் 20 கிராம் மதுசாரம் குறைவாகக் குடித்தார்கள். கிட்டத்தட்ட அரை லீற்றர் பியர்.