பவர் வீடர் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஆயில் சீல் விலையைக் கேளுங்கள்

களை எடுக்கிற பவர் வீடர் மிஷினுக்கு மானியம் வருதுன்னு பேச்சு கிளம்பினால் போதும், கடைக்குக் கடை ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எத்தனை எச்பி? என்ன விலை?" கேட்க வேண்டியவைதான். ஆனால் மிஷின் மூணாவது வருஷமும் வயலில் ஓடுமா, தொழுவத்தில் கோழி அடையக் கிடக்குமா என்பது அதில் இல்லை. உங்கள் மண் எந்த பாகத்தைத் தின்னும், அந்த பாகம் எங்கே கிடைக்கும், மாட்டித்தர ஆள் பக்கத்தில் உண்டா என்பதில்தான் இருக்கிறது.

நெல்லைச் சீமையில் களக்காடு, சேரன்மகாதேவி பக்கத்து வாழைக்காரர்களுக்கு எதிரி மண் இல்லை, நார். வாழைச்சருகு, முட்டுக் கட்டின கயிறு, பழைய சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பிளேடு சாஃப்டில் சுற்றிச் சுற்றி உள்பக்கம் நகர்ந்து, கியர் பாக்ஸ் வாயில் ஆயில் கசியாமல் அடைத்து நிற்கும் ஆயில் சீலைப் போய் அழுத்தும். சீலின் ரப்பர் வெட்டுப்பட்டால் ஆயில் வெளியே கசியும், அதே வழியில் சேற்றுத்தண்ணி உள்ளே போகும். எஞ்சின் என்னவோ ஜோராகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பேரிங் கத்துகிறதே என்று நீங்கள் நிறுத்தும்போது கியர் பல் தேய்ந்திருக்கும். சீலை மட்டும் மாற்றினால் சின்னச் செலவு. கியரும் பேரிங்கும் சேர்ந்து போனால் அதைப்போலப் பல மடங்கு.

இதற்கு மருந்து தினம் சாயங்காலம் பத்து நிமிஷம். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு (இதை விட்டால் விரல் போகும்), பிளேடு செட்டை இரண்டு பக்கமும் உருவி, சுற்றியிருக்கும் நாரைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். சீலுக்குப் பக்கத்தில் ஆயில் பிசுக்கோடு மண் கறுப்பாக ஒட்டியிருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. கியர் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி தெரிந்தால் தண்ணி போய்விட்டது. அன்றைக்கே வடித்து, சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றாமல் மறுநாள் வயலில் இறக்கக்கூடாது.

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் கதை வேறு. அங்கே முருங்கைக்கு நடுவே செம்மணல், ஆடிக்காத்து அடித்தால் கண்ணே திறக்க முடியாது. அந்த மணலை எஞ்சின் மூச்சாக இழுக்கிறது. ஃபில்டர் அடைத்து இழுவை குறைந்ததும் அதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டும் வேலையைப் பார்த்தால் வயிறு எரியும். மணல் சிலிண்டரையும் ரிங்கையும் அராவிவிடும். பிறகு கயிற்றைப் பல தடவை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், ஆனாலும் நீலப்புகை. ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத்தண்ணியில் கழுவி, நன்றாக உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக்கூடாது, தட்டி எடுக்கலாம், அழுக்கு போகவில்லை என்றால் புதுசுதான். மணற்காட்டுக்காரர்கள் அடியில் ஆயில் ஊற்றி வைக்கும் கிண்ண ஃபில்டர் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குவது நல்லது.

கயத்தாறு, சங்கரன்கோவில் கரிசலில் காய்ந்த கட்டி பிளேடு போல்ட்டை ஆட்டித் தளர்த்தும். தினமும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். அங்கே டீசல் இழுவைக்கு நல்லது. கனம் அதிகம், தொட்டி காலியானால் டீசல் குழாயில் புகுந்த காத்தை எடுக்க வேண்டிய தொல்லையும் உண்டு.

ஆயில் கணக்கு எளிது. 7 எச்பி பெட்ரோல் எஞ்சின் என்றால் சுமார் 600 மில்லி. புது எஞ்சினில் முதல் 20 மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும், புதுப் பாகங்கள் உரசி உதிர்த்த இரும்புத்தூள் அதில்தான் மிதக்கும். பிறகு 100 மணிக்கு ஒருமுறை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். நம்ம ஊர்ப் புழுதிக்கு 50 என்று வைத்துக்கொள்வதே என் கட்சி. அளவு பார்க்கும்போது மிஷின் சமதளத்தில் நிற்கணும். சாய்ந்து நின்றால் குச்சி பொய் சொல்லும்.

பெட்ரோல் மிஷினுக்கு ஓடுகிற நாளைவிடச் சும்மா நிற்கிற நாள்தான் கேடு. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கூடுதலாகச் சேர்ந்தால் தண்ணியோடு பிரிந்து அடியில் தங்கும். பிசான நெல் பருவம் முடிந்து கார் பருவம் வரைக்கும் மூடிப்போட்டால் கார்புரேட்டர் துளை அடைத்து, உள்ளே பச்சை பூத்திருக்கும். ஒரு மாசத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் தொட்டியை வடித்து, குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

மானியம் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல், உச்சவரம்புக்கு உட்பட்டு. அது மிஷினுக்கு மட்டும். சீல், பெல்ட், பிளேடு, கேபிள் எல்லாம் தேய்மானச் சாமான், பொதுவாக வாரண்டியிலும் வராது. வருஷத்துக்கு நாற்பது மணி நேரம்கூட ஓட்டாத ஒன்றரை ஏக்கர்காரருக்குச் சொந்த மிஷின் வேண்டாம் என்பேன். வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலு பேர் கூட்டாக வாங்கி, எத்தனை மணி ஓடியது, ஆயில் எப்போது மாற்றியது என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். எழுதாத கூட்டு மிஷினில் ஆயில் மாற்றுவது எப்போதும் அடுத்தவர் வேலை.

இன்னொன்று, கோரையும் அருகும் மண்டிக் கிடக்கும் வயலில் இந்த மிஷினை நம்பி இறங்க வேண்டாம். கிழங்கையும் வேரையும் துண்டு போட்டு வயல் முழுக்க விதைத்துவிடும்.

கடையில் காசு கொடுக்குமுன் மூன்று சாமானை மேஜையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: அந்த மாடலின் சீல், ஏர் ஃபில்டர், கிளச் கேபிள். "ஆர்டர் போட்டா வந்துரும் அண்ணாச்சி" என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.