கிட் வேறு, கிட்ஹப் வேறு
"கிட்ஹப் மூடிவிட்டால் நம் கோட் எல்லாம் அம்போ" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. கிட், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. கிட்ஹப், அதை வைத்து கோடை ஆன்லைனில் சேமித்துப் பகிர 2008-ல் வந்த சேவை. 2018 முதல் மைக்ரோசாஃப்ட் கையில்.

முழுதாக குளோன் செய்த (நகல் எடுத்த) ஒவ்வொரு லேப்டாப்பிலும், கடைசியாக ஃபெட்ச் செய்தது (சர்வரிலிருந்து புதியவற்றை இறக்கியது) வரைக்குமான கமிட் வரலாறு, அதாவது பதிந்த மாற்றங்கள், மொத்தமும் இருக்கும். நெட்டைத் துண்டித்துவிட்டு 'கிட் லாக்' என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள், அந்த வரலாறு வரும். வேறு சர்வருக்கு புஷ் செய்தால் (அனுப்பினால்) வேலை தொடரும். (டெப்த் போட்டு, அதாவது சமீபத்திய கமிட்களை மட்டும் எடுத்த அரைகுறை குளோன் கணக்கில் சேராது.)

பயப்படுவதென்றால் இஷ்யூ (பிழை, யோசனைப் பதிவு), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விவாதங்களுக்காகப் பயப்படுங்கள். அவை குளோனில் வராது, சர்வரில்தான் கிடக்கும். பேக்கப் எடுக்கும்போது பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான்.