யுனிவர்சிட்டி போலீஸ் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

கலிஃபோர்னியாவில் வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவர் "கேம்பஸ் போலீஸில் சேரப் போகிறேன்" என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "செக்யூரிட்டி வேலைக்குப் போகவா இவ்வளவு படிச்சே?" என்பதுதான். "டவுன் போலீஸுக்கு இது தேவலை, காலேஜைச் சும்மா சுற்றி வந்தால் போதும்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்வது, ஏனென்றால் அந்த நினைப்போடு விண்ணப்பம் போடுகிறவர் இந்த வேலையில் எதற்குத் தயாராக வேண்டும் என்பதையே தவறவிடுகிறார்.

யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் 10 வளாகங்களுக்கும் தனித்தனிப் போலீஸ் துறை இருக்கிறது. மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 830.2-ஆம் பிரிவு அவர்களுக்கு முழுப் போலீஸ் அதிகாரம் தருகிறது. வளாகமும் அதைச் சுற்றி ஒரு மைல் தூரமும் முதன்மை எல்லை. கைது செய்யலாம், சோதனை வாரன்ட் கேட்டு நீதிபதியிடம் போகலாம், துப்பாக்கி இடுப்பில் இருக்கும். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களிலும் இப்படித்தான். தனியார் பல்கலைக்கழகங்களில் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டின் போலீஸ்காரர்களுக்குச் சாண்டா கிளாரா கவுன்டி ஷெரிஃப் வழியாகத்தான் அதிகாரம் வருகிறது. யுஎஸ்சி-யில் (யுனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிஃபோர்னியா) இருப்பது பொதுப் பாதுகாப்புத் துறை, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இயங்குவது. அதனால் விளம்பரத்தில் "போலீஸ் ஆஃபீசர்" என்று போட்டிருக்கிறதா, "பப்ளிக் சேஃப்டி ஆஃபீசர்" என்று போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பயிற்சி, அதிகாரம், சம்பளம் மூன்றும் அந்தப் பெயரைப் பொறுத்து மாறும்.

தகுதியில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வேலையில் அமரும்போது வயது 21 ஆகியிருக்க வேண்டும், 2022 முதல் இதுதான் சட்டம். 2023 முதல் கலிஃபோர்னியாவில் குடியுரிமை கட்டாயமில்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். இதைக் கேட்டுவிட்டு ஹெச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். அந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் மிகச் சில விதிவிலக்குகளோடு தடுக்கிறது. கிரீன் கார்டு இருப்பவருக்கு அந்தத் தடை இல்லை.

படிப்பு விஷயம் பலருக்குத் தெரியாது. ஹைஸ்கூல் சான்றிதழ் அமெரிக்காவில் வாங்கியதாக இருக்க வேண்டும், அல்லது ஜிஇடி போன்ற சமநிலைத் தேர்வில் தேற வேண்டும், அல்லது அமெரிக்கக் கல்வித் துறை ஏற்கும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். ஈரோட்டில் பிளஸ் டூ, கோவையில் பி.இ. முடித்தவருக்கு அவை மட்டும் போதாது. அதற்கு மேல் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்திருந்தால் போதும்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தை மையமாகக் கொண்டது. சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. இதில் பலரையும் திணற வைப்பது கோடிட்ட இடம் நிரப்பும் பகுதி. ஒரு பத்தியில் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் விட்டுவிட்டு, இடையில் ஏழு சொல்லுக்கு ஒன்றை எடுத்துவிடுவார்கள். அந்தச் சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை கோடு. பொருளும் பொருந்த வேண்டும், எழுத்து எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். சராசரி 50 என்று வைத்துக் கணக்கிடும் மதிப்பெண்ணில் 42-க்குக் குறையாமல் கேட்கும் துறைகள் பல. தவறினால் ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். தினமும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி வாசிப்பவருக்கு இது பெரிய மலை இல்லை.

மலை என்றால் அது பின்னணி விசாரணைதான். பத்து ஆண்டுகளாகக் குடியிருந்த வீடுகள், கூடத் தங்கியவர்கள், பார்த்த வேலைகள், கடன், டிராஃபிக் டிக்கெட், போதைப் பொருள் பழக்கம், இதற்கு முன் வேறு எந்தப் போலீஸ் துறைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பது வரை அந்தப் படிவம் கேட்கும். விசாரணை அதிகாரி பழைய முதலாளியையும் அக்கம்பக்கத்தாரையும் நேரில் பார்ப்பார். வேறு துறைக்குக் கொடுத்த பழைய படிவத்தை வரவழைத்து இதனோடு ஒப்பிடுவார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று எழுதியிருந்தால் அதோடு சரி. கல்லூரி முதல் வருடத்தில் கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டு தேறியவர்கள் இருக்கிறார்கள். மாமா கடையில் கல்லாவில் நின்றதை "அதெல்லாம் வேலையா" என்று எழுதாமல் விட்டு, கேட்டபோது பூசி மெழுகியவர் தேறுவது கடினம். பார்ப்பது உண்மை பேசுகிறாரா என்பதைத்தான், ஏனென்றால் நாளை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் இவர். ஒரு முறை பொய் சொன்னவர் என்று பதிவானால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே வழக்கை உடைத்துவிடுவார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் வருடவாரியாக வீடு, வேலை, முதலாளியின் ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள்.

அதன் பிறகு வருவது நிபந்தனையோடு கூடிய வேலை உத்தரவு. மருத்துவப் பரிசோதனையும் மனநலப் பரிசோதனையும் அந்த உத்தரவுக்குப் பிறகுதான் நடக்கும், சட்டமே அப்படி. இந்தக் கடிதம் கையில் வந்ததும் சிலர் இருக்கிற வேலையை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மனநலப் பகுதியில் எழுத்துச் சோதனைகளும் உளவியலாளரின் நேர்காணலும் உண்டு. இனம், மதம், பாலினம் பற்றிய உள்மனச் சாய்வையும் இப்போது பார்க்கிறார்கள். அங்கே "நல்ல பதில்" என்று மனப்பாடம் செய்து சொன்னால், ஒரே கேள்வி நான்கு விதமாகத் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது போலீஸ் அகாடமிப் பயிற்சி. அதற்கு மாநிலம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் 664 மணி நேரம். பெரும்பாலான அகாடமிகள் அதைத் தாண்டி, ஆறு மாதத்தை ஒட்டி நடத்துகின்றன. ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு ஒரே ஒரு முறை, அதிலும் தவறினால் வெளியே. உடல் தேர்வில் 99 கெஜம் தடைகளோடு ஓட்டம், 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுப்பது, ஆறடிக் கம்பி வேலி, ஆறடிச் சுவர், 500 கெஜம் ஓட்டம் என்று ஐந்து உண்டு. சுவரில் தோற்பவர்களில் பலருக்கு உடலில் பலம் இருக்கும், முறைதான் தெரியாது. ஓடி வந்த வேகத்திலேயே காலைச் சுவரில் ஊன்றி எழும்ப வேண்டும், நின்றுவிட்டுத் தொங்கினால் கை ஓய்ந்துவிடும். துறையே அனுப்பினால் பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. சொந்தச் செலவில் படித்தால், முடித்த மூன்று ஆண்டுக்குள் வேலையில் சேராவிட்டால் மறுதகுதிப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்ன தகுதியும் தேர்வும் பயிற்சியும் கலிஃபோர்னியாவில் எந்த ஊர்ப் போலீஸுக்கும் பொது. வளாகத்துக்கே உரிய பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். பெற்றோரின் போராட்டத்தால் 1990-இல் வந்த சட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன்படி பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகக் குற்ற எண்ணிக்கையை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும், தினசரிக் குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருப்பது ரோந்து போகும் சாதாரண ஆஃபீசர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது. ஒரு லேப்டாப் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரி மேசையில் இருந்து எடுத்திருந்தால் வெறும் திருட்டு, கிளெரி கணக்கில் பொதுவாக வராது. பூட்டாத விடுதி அறைக்குள் வெளியாள் நுழைந்து எடுத்திருந்தால் அது புகுந்து திருடியது, கணக்கில் வரும். எடுத்தது அதே அறையில் தங்கும் ரூம்மேட் என்றால், அவருக்கு உள்ளே வர உரிமை இருப்பதால் மறுபடி வெறும் திருட்டு. கதவு எப்படி இருந்தது, யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று இரண்டு வரி கேட்டு எழுதாத ஆஃபீசரால் பல்கலைக்கழகத்தின் கணக்கே பொய்யாகும். 2024 மார்ச்சில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சட்டத்தின் கீழ் விதித்த அபராதம் 14 மில்லியன் டாலர்.

2007 ஏப்ரல் 16-ஐயும் நாம் மறக்கக் கூடாது. வர்ஜீனியா டெக்கில் காலை 7:15 வாக்கில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் எச்சரிக்கை போனது 9:26-க்கு. 9:40 அளவில் நோரிஸ் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அன்று இறந்த 32 பேரில் ஒருவர், கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். உறுதியான அபாயம் என்றால் உடனே வளாகம் முழுவதையும் எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2008-இல் சட்டமானது அதன் பிறகுதான். பாதி விவரத்தோடு எச்சரிக்கையை அனுப்பலாமா, உறுதி செய்யும்வரை காத்திருக்கலாமா என்ற முடிவுக்கு முதல் தகவல் கொடுப்பவர் வாசலில் நிற்கும் ஆஃபீசர்.

என் கருத்தில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேச்சும் எழுத்தும். இந்தப் போலீஸின் பாதுகாப்பில் இருப்பவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள், வீட்டை விட்டு முதல் முறையாக வந்தவர்கள். "இரண்டு நாளாக ஃபோன் எடுக்கவில்லை" என்று சென்னையில் இருந்து ஒரு அம்மா அழைத்தால், ஆஃபீசர் விடுதிப் பொறுப்பாளரோடு போய்க் கதவைத் தட்டுவார். திறந்த பிள்ளையிடம் "அம்மா கவலைப்படுகிறார், ஒரு ஃபோன் போடுங்க" என்று சொல்வதோடு முடிவது பெரும்பாலானவை. சிலவற்றில் தன்னையே மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பவரை மாநில நலச் சட்டத்தொகுப்பின் 5150-ஆம் பிரிவின்படி 72 மணி நேரம் வரை மருத்துவமனைக் கவனிப்பில் வைக்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கதவடியில் ஐந்து நிமிடப் பேச்சில் கண்டுபிடிக்க வேண்டும்.

பேச்சு தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். 2011 நவம்பர் 18-இல் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் மீது வளாகப் போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. அந்தத் துறைக்கு அனுமதிக்கப்படாத, பயிற்சியே தரப்படாத ஸ்ப்ரே அது என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆஃபீசர் ஒருவர் வளாகத்துக்கு வெளியே, முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று சாமுவேல் டுபோஸ் என்பவரின் காரை நிறுத்தினார். அது டுபோஸைச் சுட்டுக் கொன்றதில் முடிந்தது. "காலேஜ் போலீஸ், லேசான வேலை" என்று நினைத்து வருகிறவர் இந்த இரண்டு சம்பவங்களின் விசாரணை அறிக்கைகளையும் முழுதாக வாசித்துவிட்டு வர வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகும் குறைந்தது பத்து வாரம் களப் பயிற்சி. ஒரு மூத்த ஆஃபீசர் கூடவே இருந்து தினமும் மதிப்பெண் போடுவார். அங்கே அதிகம் அடி வாங்குவது அறிக்கை எழுதுவதிலும் இடம் தெரியாமல் தவிப்பதிலும்தான். வளாகக் கட்டடங்களை எல்லோரும் பெயரை வைத்தே சொல்வார்கள், தெரு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். எந்தக் கட்டடத்தின் எந்த வாசல் இரவில் திறக்கும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வர முடியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்த வளாகத்தை இரவில் ஒரு முறை நடந்து பாருங்கள், அதன் 60 நாள் குற்றப் பதிவேட்டை வாசியுங்கள். ரோந்து வண்டியில் கூடப் போக அந்தத் துறை அனுமதிக்கும் என்றால் வெள்ளி இரவு ஷிஃப்ட்டுக்குக் கேளுங்கள்.