பொயிலருக்கு ஒரு புறனடை

வடமேற்கு இலண்டனில் ஹரோ. பொங்கலுக்கு இன்னும் நான்கு நாட்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர், வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியும் மேலங்கியும் அணிந்துகொண்டு, குசினிச் சுவரில் தொங்கும், தண்ணீரைக் காய்ச்சிக் குழாய்கள் வழியே வீட்டைச் சூடாக்கும் பொயிலருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். குழாய்ச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி உள்ளே வருகிறார். மாஸ்டருடன் எவரும் பேச்சுவழக்கில் பேச முடியாது. நடுவாக்கியத்தில் நிறுத்தித் திருத்துவார். ஆகவே இந்த உரையாடல் இப்படியே நடந்தது என்பதை வாசகர் நம்பித்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர்: வாரும் தம்பி. சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். இந்தத் தரையில் வெறுங்காலுடன் நின்றால் உமது காலுக்கும் ஒரு காப்புறுதி எடுக்க வேண்டி வரும்.

தம்பி: ஹீற்றிங் மறுபடியும் நின்றுவிட்டதா, மாஸ்டர்? நேற்றுக் காப்புறுதிக் கம்பனியின் வாகனம் உங்கள் வாசலில் நின்றதைக் கண்டேனே.

மாஸ்டர்: எஞ்சினியர் வந்தார். பதினான்கு நிமிடங்கள் நின்றார். பொயிலரின் மூடியைக் கழற்றாமலே, காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மருந்து எழுதித் தந்தார். குழாய்களில் சகதி அடைத்திருப்பதால் மெஷின் வைத்து முழுவதையும் கழுவ வேண்டும் என்பது முதலாவது. அதற்கு 650 பவுண். பதினொரு வயதான பொயிலரைக் கழுவுவதை விடப் புதிதாக ஒன்றைப் பூட்டுவதே புத்தி என்பது இரண்டாவது. அதற்கு 3,400 பவுண். எங்கள் ஊரில் பவுண் என்றால் பெண்பிள்ளையின் கழுத்தில் போடுவது. இந்த நாட்டில் அதைக் குழாய்க்குள் போடுகிறார்கள்.

தம்பி: நீங்கள் மாதம் தவறாமல் கட்டுகின்ற பொயிலர்க் காப்புறுதி இதில் எதைக் கொடுக்கும்?

மாஸ்டர்: அதைத்தான் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். (முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றை மேசையில் வைக்கிறார். ஓரமெங்கும் பென்சில் குறிப்புகள்.) இதை எழுதியவர் இலேசுப்பட்ட ஆள் அல்லர், தம்பி. "உங்கள் பொயிலர் பழுதடைந்தால் நாங்கள் திருத்தித் தருவோம்" என்ற விதி அரைப் பக்கம்; அதற்கான புறனடை, அதாவது விதிவிலக்கு, இருபத்தொன்பது பக்கம். நான் படித்த எந்த இலக்கண ஆசிரியரும் தம்முடைய விதியின்மேல் இவ்வளவு நம்பிக்கையில்லாமல் இருந்ததில்லை.

தம்பி: சகதி அந்தப் புறனடைக்குள் இருக்கிறதா?

மாஸ்டர்: பன்னிரண்டாம் பக்கத்தில் தலைமகன் போல வீற்றிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், இலண்டன் தண்ணீரைக் காய்ச்சிய எந்தக் கேத்திலின் அடியிலும் காணக்கூடிய சுண்ணாம்புப் படிவும் இருக்கிறது. பதின்மூன்றாம் பக்கத்தில், பத்து வயதைக் கடந்த பொயிலருக்கு "நியாயமான அளவில் கிடைக்கக்கூடிய" உதிரிப்பாகங்கள் மட்டுமே தரப்படும் என்று சொல்லியிருக்கிறது. இந்தக் "கிடைக்கக்கூடிய" என்ற பெயரெச்சத்துக்குள் ஒரு கம்பனியே குடியிருக்கலாம்.

தம்பி: அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர்கள் இதில் சேர்ந்திருக்கின்றனவா?

மாஸ்டர்: திட்டத்தின் பெயரே "பொயிலரும் கட்டுப்பாடுகளும்" என்பதுதான். இது 'உம்' சேர்த்துப் பெயர்களை எண்ணும் எண்ணும்மை, தம்பி. எண்ணும்மையில் எண்ணப்படாதது எண்ணப்படாததே. றேடியேற்றரையும் எண்ண வேண்டுமானால் மாதம் இன்னும் எட்டுப் பவுண்.

தம்பி: இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள்?

மாஸ்டர்: முதல் ஆண்டு மாதம் 12 பவுண்தான். அந்த விலையைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 16, 19, 22, 25 என்று ஏறி, இப்போது 27இல் நிற்கிறது. ஆறு ஆண்டுகளுக்கும் கூட்டினால் 1,452 பவுண்.

தம்பி: நீங்கள் சேர்ந்தபோது பொயிலருக்கு ஐந்து வயதுதானே? அதைச் செய்த கம்பனி ஏழு ஆண்டு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஆண்டுதோறும் சேர்விஸ் செய்தால் போதும், உதிரிப்பாகமும் கூலியும் அவர்கள் பொறுப்பு. அப்படியானால் முதல் இரண்டு ஆண்டுகளும் ஒரே தலைக்கு இரண்டு குடை பிடித்திருக்கிறீர்கள்.

மாஸ்டர்: அதை நீர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

தம்பி: சேர்விஸ் இந்தத் திட்டத்துக்குள் அடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே செய்தால் ஆண்டுக்கு 100 பவுண் அளவில் ஆகியிருக்கும். ஆகவே முழுவதும் நட்டம் என்று சொல்ல மாட்டேன். பழுதென்று எத்தனை முறை அழைத்தீர்கள்?

மாஸ்டர்: நேற்றுக்கு முன்பு ஒரேயொரு முறை. மூன்றாம் ஆண்டு மாரியில் வீடு முழுவதும் குளிர்ந்து கிடந்தது. வந்தவர் விறாந்தைச் சுவரில் உள்ள, சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ற்றாற்றைத் திறந்து, அதற்குள் இருந்த இரண்டு பற்றரிகளையும் மாற்றிவிட்டு, "கட்டுப்பாடுகள் திருத்தப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒவ்வோர் அழைப்புக்கும் முதல் 60 பவுண் நானே கொடுக்க வேண்டும் என்பது ஏழாம் பக்கம்.

தம்பி: இரண்டு பற்றரிக்கு 60 பவுணா?

மாஸ்டர்: அவை இன்றும் வேலை செய்கின்றன. அந்த விலைக்கு அவை வேலை செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

(தம்பி குனிந்து பொயிலரின் அடியில் உள்ள சிறிய அழுத்தமானியைப் பார்க்கிறார்.)

தம்பி: முள் அரைப் பார் அழுத்தத்துக்கும் கீழே கிடக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். ஹீற்றிங் ஓடும்போது எங்கே போகிறது?

மாஸ்டர்: மூன்றுக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அணைத்தால் இரவோடிரவாக விழுந்துவிடுகிறது. பின்னல் போட்ட வெள்ளி நிறக் குழாயின் பிடியைத் திருகி, தினமும் காலையில் ஒன்றரை வரைக்கும் தண்ணீர் ஏற்றுகிறேன். மூன்று வாரமாகச் சந்தியாவந்தனம் தவறினாலும் அது தவறியதில்லை.

தம்பி: வெளிச்சுவரில் பெருவிரல் தடிப்பில் ஒரு செப்புக் குழாய் வளைந்து கீழே பார்த்துக்கொண்டு நிற்குமே, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா?

மாஸ்டர்: சொட்டுகிறது. செங்கல்லில் ஒரு நீளப் பாசிக்கோடே விழுந்துவிட்டது. வீணாகக்கூடாதென்று கீழே ஒரு பேசின் வைத்துப் பிடித்து, யன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றிவருகிறேன்.

தம்பி: ஐயோ, ஊற்றாதீர்கள்! துருப் பிடிக்காமல் இருப்பதற்காக அந்தத் தண்ணீரில் இரசாயனம் கலந்திருப்பார்கள்.

மாஸ்டர்: (சாடியைத் திரும்பிப் பார்த்து) மார்கழியிலிருந்து அதற்கு என்ன கவலை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி: இன்னொரு கேள்வி. சூடாக இருக்கும்போது றேடியேற்றரைத் தடவிப் பார்த்ததுண்டா? மேலே சூடாகவும் அடியில் குளிராகவும் இருந்தால் சகதி. அடியில் சூடாகவும் மேலே குளிராகவும் இருந்தால் காற்று. காற்றென்றால் சிறிய திறப்பு ஒன்றால் நீங்களே திறந்துவிடலாம்.

மாஸ்டர்: வேட்டி காயப்போடுவதற்காகத் தினமும் தடவுகிறேன். மேலும் கீழும் ஒரே சூடு. தலையிலும் தாழிலும் பேதமில்லை.

தம்பி: அப்படியானால் இது சகதியாக இருக்க வாய்ப்பில்லை, மாஸ்டர். உங்கள் வீட்டுக் குழாய்களுக்குள் ஏறத்தாழ நூறு லீற்றர் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இருபது பாகையிலிருந்து எழுபது பாகைக்குச் சூடேறும்போது அது நூற்றுக்கு இரண்டு பங்கு பெருக்கும். அந்த இரண்டு லீற்றரும் எங்கே போகும்?

மாஸ்டர்: பானையில் என்றால் பொங்கி வழியும், நாங்களும் வெடி கொளுத்துவோம்.

தம்பி: இங்கே வழிய இடமில்லை. அதற்காகவே பொயிலருக்குள் ஒரு தட்டையான உருக்குக் கலம் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பான்ஷன் வெசல் என்பார்கள். நடுவில் றப்பர்த் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்துவைத்த காற்று. தண்ணீர் பெருக்கும்போது காற்று ஒடுங்கி இடம் கொடுக்கும். ஆண்டுகள் போகப் போக அந்தக் காற்றுக் குறைந்துவிடும். பிறகு பெருத்த தண்ணீர் அழுத்தத்தை மூன்று பாருக்கு ஏற்ற, பாதுகாப்பு வால்வு திறந்து செப்புக் குழாய் வழியாக வெளியே கொட்டிவிடும். கொட்டியது போக மிஞ்சியது குளிரும்போது அழுத்தம் விழுந்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறி எல்லாம் இதற்குத்தான் பொருந்துகின்றன.

மாஸ்டர்: அந்தக் கலம் பொயிலரின் உறுப்பா, வெளி உறுப்பா?

தம்பி: உள்ளேயே இருக்கும் உறுப்பு.

மாஸ்டர்: (புத்தகத்தை வேகமாகப் புரட்டி) ஒன்பதாம் பக்கம்! "பொயிலரின் உறைக்குள் அடங்கும் எல்லாப் பாகங்களும்." முற்றும்மை! எச்சத்துக்கே இடமில்லை! தம்பி, பழுது விதிக்குள் இருந்திருக்கிறது. அந்த மனிதர் அதைத் தூக்கிப் புறனடைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தம்பி: வேண்டுமென்றே வைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளில் எத்தனையோ வீடுகளுக்கு ஓடுகிறவருக்கு, பதினொரு வயதுப் பொயிலர் என்றால் சகதி என்று வாயில் வந்துவிடும். ஆனால் விதிக்குள் இருந்தால் கம்பனிக்குச் செலவு, புறனடைக்குள் இருந்தால் கம்பனிக்கு வரவு என்பதை அவர் அறியாதவரும் அல்லர். இதிலே இன்னொரு வேடிக்கை: தினமும் புதுத் தண்ணீர் ஏற்ற ஏற்ற, அதோடு ஒட்சிசனும் உள்ளே போய் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அந்தத் துருத்தான் கரிய சகதி. இப்படியே விட்டிருந்தால் அடுத்த மாரிக்குள் அவர் சொன்னதை நீங்களே உண்மையாக்கியிருப்பீர்கள்.

மாஸ்டர்: ஆனால் "இப்படியே ஓடவிடுவது ஆபத்து" என்றும் ஒரு சொல் சொன்னாரே. அதனால்தான் இரவு முழுவதும் நித்திரையில்லை.

தம்பி: எச்சரிக்கைப் பத்திரம் ஏதாவது எழுதித் தந்தாரா? பொயிலரில் ஒரு சீட்டு ஒட்டினாரா? உண்மையாக ஆபத்தென்றால், "உடனடி ஆபத்து" என்றோ "ஆபத்துக்கு இடமுண்டு" என்றோ வகை பிரித்துப் பதிந்து, உங்கள் சம்மதத்துடன் அதை நிறுத்திவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

மாஸ்டர்: ஓடவிட்டுத்தான் போனார். தவணைமுறையில் புதுப் பொயிலர் வாங்கும் விளம்பரத் தாள் ஒன்றைத் தந்தார்.

தம்பி: அந்த ஆபத்து உங்கள் பணப்பைக்கு, மாஸ்டர். அவருடைய அட்டையைப் பார்த்தீர்களா?

மாஸ்டர்: காஸ் சேஃப் அட்டைதானே? வாங்கிப் பார்த்தேன். படம் அவருடையதுதான்.

தம்பி: பின்பக்கம்?

மாஸ்டர்: பின்பக்கமும் ஒன்று உண்டா?

தம்பி: எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். 2009 ஏப்ரல் முதலாம் திகதி பழைய பதிவேட்டை நீக்கி இந்தக் காஸ் சேஃப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் பேர் இல்லாதவர் காஸ் வேலை செய்வது சட்டவிரோதம். ஆகவே நானும் உங்கள் பொயிலரின் மூடியைத் திறக்க மாட்டேன். எங்கள் கடைக்கு வரும் ஒருவர், பதிவு பெற்றவர், நாளை மறுநாள் வருவார். கம்பனியை மறுபடியும் அழைத்தால் இன்னுமொரு 60 பவுண், அதோடு ஒன்பது நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள்.

(பொங்கலன்று காலை. குசினி வெதுவெதுப்பாக இருக்கிறது. மாஸ்டர் வேட்டி சட்டையுடன் நிற்கிறார். கம்பளித் தொப்பியைக் காணவில்லை. பொயிலரின் உறையில் ஒரு சந்தனப் பொட்டு.)

தம்பி: முள் எங்கே நிற்கிறது, மாஸ்டர்?

மாஸ்டர்: குளிரில் ஒன்றேகால், சூட்டில் ஒன்றரைக்குச் சற்று மேலே. நடுவு நிலைமை தவறாத முள். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. நீர் அனுப்பிய மனிதர் தண்ணீரின் அழுத்தத்தை இறக்கினார், மூடியைக் கழற்றினார், பிறகு தம்முடைய பெட்டிக்குள்ளிருந்து என்ன எடுத்தார் என்று நினைக்கிறீர்? சைக்கிள் பம்ப்! சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல நின்று அடித்தார், தம்பி! 3,400 பவுண் நோய்க்குச் சைக்கிள் பம்ப் மருந்தென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

தம்பி: அந்த வால்வு கார் ரயரில் இருப்பதைப் போன்றதுதான். எவ்வளவு வாங்கினார்?

மாஸ்டர்: 85 பவுண். றப்பர்த் திரை கிழியவில்லை, கிழிந்தால் வெளியே வேறொரு கலம் பூட்டலாம், அப்போதும் புதுப் பொயிலர் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீர் கொடுத்தேன். அட்டையின் இரண்டு பக்கங்களையும் வாசித்தேன்.

தம்பி: சரி, கம்பனிக்கு முறைப்பாடு எழுதுங்கள். உங்கள் பற்றுச்சீட்டில் நூற்றுக்கு 12 காப்புறுதி வரி காட்டியிருக்கிறது. ஆகவே இது வெறும் பராமரிப்பு ஒப்பந்தம் அல்ல, காப்புறுதி. எட்டு வாரத்துக்குள் அவர்கள் சரியான பதில் தராவிட்டால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். பிறகு திட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த 27 பவுணை மாதம் மாதம் வேறொரு கணக்கில் போட்டுவாருங்கள். சீட்டுக் கட்டுவதைப் போலத்தான். ஆனால் சீட்டுப் பிடிக்கிறவர் நீங்களே என்பதால் இரவோடிரவாக ஓடிப்போகப் பயமில்லை.

மாஸ்டர்: (பொயிலரைப் பார்த்துக்கொண்டு) நேற்றே தொலைபேசி எடுத்தேன், தம்பி. நாற்பது நிமிடங்கள் சங்கீதம் கேட்டேன். பிறகு ஒரு பிள்ளை பேசினாள். முறைப்பாட்டை முழுவதும் பதிந்துகொண்டாள். நிறுத்தப்போகிறேன் என்றேன். மிகவும் வருந்தினாள்.

தம்பி: நிறுத்திவிட்டீர்கள்தானே?

மாஸ்டர்: அந்தப் பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு சுத்தம் என்கிறீர்! எழுவாயும் பயனிலையும் ஓரிடத்திலும் பிசகவில்லை. ஒருமை பன்மை மயக்கம் இல்லை. முப்பது ஆண்டுகளில் அப்படி வாக்கியம் முடித்த மாணவர் எனக்கு நாலு பேர்கூட இல்லை. பழையபடி மாதம் 12 பவுணுக்கே தருகிறோம் என்றாள்.

தம்பி: மாஸ்டர்!

மாஸ்டர்: கோபிக்க வேண்டாம். மாசி மாதத்தில் ஒரு முழங்கால் நோக்காடு பிடித்த கிழவனுக்கு இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் இருப்பதும் ஒரு பெறுமதிதானே. பதினான்கு நாட்களுக்குள் மனம் மாறினால் விலகலாம் என்றும் அவளே எடுத்துச் சொன்னாள். அதோடு மூன்று மாதத்துக்கு இன்னொரு திட்டமும் இலவசம்: "குழாய்களும் வடிகால்களும்."

தம்பி: எண்ணும்மை.

மாஸ்டர்: எண்ணும்மைதான். புத்தகம் இன்று காலைத் தபாலில் வந்தது. நாற்பத்தொரு பக்கம். அடுப்பில் பொங்கல் இருக்கிறது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும். நீர் வாசியும், நான் பென்சில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.